ரீலுக்கு ஏற்ற பிரெய்டு நூல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூண்டில் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி "எத்தனை பவுண்டு வேணும்?" என்பதுதான், அதாவது நூல் எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று. வாங்குபவரும் பெரிய எண்ணாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். பிறகு ஸ்பூலில் (ரீலில் நூல் சுற்றும் பகுதியில்) 80 மீட்டர்கூட ஏறவில்லை, வீசினால் தூரம் போகவில்லை, சிக்கு விழுகிறது என்று புலம்பல். முதலில் பார்க்க வேண்டியது நூலின் தடிமனும் ரீலின் டிராக்கும் (மீன் இழுக்கும்போது நூலை அளவோடு நழுவவிடும் பிரேக்கும்). பவுண்டு அதற்குப் பிறகுதான். ராடும் ரீலும் வைத்து நம் ஊர்க் கடற்கரை, கழிமுகம், ஏரிகளில் மீன் பிடிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

பிரெய்டு என்பது என்ன? நரம்பிலிருந்து எதில் வேறுபடுகிறது?

நாம் நரம்பு என்றும் தங்கூசி என்றும் சொல்வது ஒற்றை இழை நைலான். பிரெய்டு, மிக வலுவான பாலிஎத்திலீன் இழைகள் பலவற்றைப் பின்னிச் செய்த நூல். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று அட்டையில் போட்டிருப்பது இந்த இழையின் வணிகப் பெயர்கள்தான். முன்னது நெதர்லாந்தில் பிறந்தது, பின்னது அமெரிக்காவில். பொருள் ஒன்றே.

30 பவுண்டு நைலான் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும். அதே பலத்துக்குப் பிரெய்டில் கால் மில்லிமீட்டரே போதும். நைலான் அறுவதற்கு முன் 20 முதல் 30 சதவீதம் வரை நீளும். பிரெய்டு 3, 4 சதவீதத்தைத் தாண்டாது. அதனால்தான் 60 மீட்டர் தள்ளி மீன் இரையைத் தொட்டாலும் கையில் தெரிகிறது. மீன் திடீரென்று தலையை உதறினால் அந்த அதிர்ச்சியும் குறையாமல் முடிச்சுக்கும் தூண்டில் முள்ளுக்கும் போவது இதே காரணத்தால்தான்.

பிரெய்டு தண்ணீரைவிட லேசு, மிதக்கும். ஏறக்குறைய 145 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இழுவிசையில் அவ்வளவு பலமுள்ள நூல், கல்லிலோ அதில் ஒட்டியிருக்கும் கூரான கொட்டலசிலோ உரசினால் நொடியில் போய்விடும். கீழே லீடர் (பிரெய்டின் முனையில் கட்டும் வேறு நூல்) பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

பெட்டியில் பவுண்டு, மி.மீ., பி.இ. என்று மூன்று எண்கள் இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பி.இ. (பாலிஎத்திலீன்) எண்ணைப் பாருங்கள். இது ஜப்பானியர் முறை. பின்னலின் எடையை அடிப்படையாகக் கொண்டது: 200 டெனியர் (9,000 மீட்டர் நூல் 200 கிராம்) என்றால் பி.இ. 1. விட்டத்தில் சொன்னால் சுமார் 0.165 மி.மீ. பி.இ. 2 சுமார் 0.235, பி.இ. 3 சுமார் 0.285, பி.இ. 4 சுமார் 0.33 மி.மீ. இரண்டாம் எண் என்பதால் இரண்டு மடங்கு தடிமன் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு மடங்காவது நூலின் எடை, அதாவது ஸ்பூலில் அது பிடிக்கும் இடம். விட்டம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் பி.இ. 4 வரை போக வேண்டும்.

இதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ரீலின் ஸ்பூலில் "பி.இ. 1.5 – 320 மீ" என்று அச்சிட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 480. இதுதான் அந்த ஸ்பூலின் கொள்ளளவு. எந்த நூல் போடப் போகிறீர்களோ அந்த எண்ணால் 480-ஐ வகுத்தால் எத்தனை மீட்டர் ஏறும் என்று வந்துவிடும். பி.இ. 2 என்றால் 240 மீட்டர், பி.இ. 3 என்றால் 160 மீட்டர், பி.இ. 6 என்றால் 80 மீட்டர். சுற்றும் இறுக்கத்தைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். ஆனால் கடையில் நின்றுகொண்டு முடிவெடுக்க இந்தக் கணக்கு போதும்.

பவுண்டு எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே தடிமனுள்ள நூலை ஒருவர் 30 என்பார், இன்னொருவர் 40 என்பார். சிலர் நூல் உண்மையில் அறுவதைவிடக் குறைவாகவே அச்சிடுவார்கள், சிலர் ஆசைப்பட்டதை அச்சிடுவார்கள். தோராயமாக, நல்ல நூலில் பி.இ. 1 சுமார் 20 பவுண்டு, பி.இ. 2 முப்பதுகளில், பி.இ. 3 ஐம்பதை ஒட்டி, பி.இ. 4 அறுபதை ஒட்டி நிற்கும்.

மி.மீ. எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பின்னிய நூல் அழுத்தினால் தட்டையாகும், அளப்பவர் கையைப் பொறுத்து அளவும் மாறும்.

ஸ்பின்னிங் ரீலுக்கு எந்தத் தடிமன்?

நம் ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வைத்திருப்பது, வீசும்போது ஸ்பூல் சுழலாமல் நூல் மட்டும் கழன்று போகும் ஸ்பின்னிங் ரீல்தான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ரீல் அளவு எண்கள் ஷிமானோ, டாய்வா வழக்கத்தை ஒட்டியவை. மற்ற நிறுவனங்களில் சற்று மாறலாம்.

1000, 2000 அளவு ரீல்களுக்கு பி.இ. 0.6 முதல் 0.8. ஜிலேபி, சிறு பாறை மீன், கழிமுகத்தில் சின்ன லூர் (செயற்கை இரை) வீசுவது எல்லாம் இதில் அடங்கும். இவ்வளவு மெல்லிய நூல் காற்றில் அலையும், சிக்கினால் அவிழ்க்கப் பொறுமை வேண்டும். முதல் பிரெய்டாக இதை வாங்காதீர்கள்.

2500, 3000 அளவுக்கு பி.இ. 1 முதல் 1.5. கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் உப்பங்கழியில் வீசுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறார்கள். அலையாத்தி வேர்களுக்கு நடுவே வீசுவதாக இருந்தால் பி.இ. 2 வரை போகலாம். செப்பிலி கடித்த முதல் இரண்டு நொடியிலேயே வேருக்குள் புகுந்துவிடும், அங்கே நூலின் மென்மையைவிடத் தாங்கும் பலம் முக்கியம்.

ஒரே ஒரு ரீல்தான் வாங்க முடியும் என்பவருக்கு என் பரிந்துரை 4000 அளவு, அதில் பி.இ. 1.5 அல்லது 2. கடற்கரையிலும் தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பின்) மீதும் கழிமுகத்திலும், தேவைப்பட்டால் ஏரியிலும் இது கைகொடுக்கும். பலர் இந்த ரீலில் பி.இ. 4 ஏற்றிவிட்டு "பெரிய மீன் வந்தா?" என்று கேட்கிறார்கள். பெரிய மீன் வந்தால் காப்பாற்றுவது ஸ்பூலில் மிச்சமிருக்கும் மீட்டரும் டிராக்கும்தான். மேலே பார்த்த கணக்குப்படி 480 கொள்ளளவுள்ள ரீலில் பி.இ. 4 போட்டால் 120 மீட்டர். 70 மீட்டர் வீசிய பிறகு மீன் ஓட மிச்சம் 50 மீட்டர்தான்.

5000, 6000 அளவுக்கு பி.இ. 2.5 முதல் 4 வரை. மணற்கரையில் ஈயத்தோடு தூரமாக வீசுபவர் குறைந்த எண்ணிலேயே நிற்கட்டும். பாறைக் கரையில் வஞ்சிரம், பெரிய பாறை மீன் தேடுபவர் மேலே போகட்டும். 8000, 10000 அளவுக்கு பி.இ. 4 முதல் 6. அதற்கு மேல் 14000, 18000 எல்லாம் படகிலிருந்து பாப்பர் (நீர்ப்பரப்பில் சத்தமெழுப்பி வரும் லூர்) வீசுபவர்களின் உலகம். அந்தமானுக்கு ராட்சதப் பாறை மீன் தேடிப் போகிறவர்கள் பி.இ. 8, சமயத்தில் பி.இ. 10 ஏற்றுகிறார்கள். கரையில் நிற்பவருக்கு அது தேவையில்லை.

4 இழையா, 8 இழையா?

தூரமாக வீச வேண்டும், சத்தமில்லாமல் ராடின் வளையங்களுக்குள் ஓட வேண்டும் என்றால் 8 இழை. உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். ஸ்பின்னிங் ரீலுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

4 இழை கொஞ்சம் சொரசொரப்பு. வளையத்தில் உரசும் சத்தம் கேட்கும். ஆனால் ஒரே தடிமனில் ஒவ்வொரு இழையும் பருமனாக இருப்பதால் உரசலைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், விலையும் குறைவு. தாமரைத் தண்டு, ஆகாயத்தாமரை நடுவே விரால் பிடிப்பவருக்கு இந்தச் சொரசொரப்பே லாபம், இலைதழையை அறுத்துக்கொண்டு வரும்.

12, 16 இழை நூல்கள் கையில் பட்டுப் போல இருக்கின்றன. அதற்குக் கொடுக்கும் விலைக்கு ஏற்ற வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. தரமில்லாத 16 இழையைவிடத் தரமான 4 இழை எவ்வளவோ மேல்.

பெய்ட்காஸ்டர் ரீலில் மெல்லிய பிரெய்டு போடலாமா?

சாதாரண பெய்ட்காஸ்டரில் வேண்டாம். அதில் ஸ்பூலே சுழன்று நூலை விடுகிறது. வீச்சின் கடைசியிலோ மீன் இழுக்கும்போதோ மெல்லிய நூல் கீழே இருக்கும் சுற்றுகளுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் அந்த இடத்தில் ஸ்பூல் பட்டென்று நிற்கும், லூர் மட்டும் அறுத்துக்கொண்டு பறக்கும். சில ரீல்களில் நூல் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில் புகுந்து, உள்ளே அச்சில் சுற்றிக்கொள்ளும். குறைந்தது பி.இ. 2 வையுங்கள். பேக்லாஷ் (ஸ்பூல் வேகமாகச் சுழன்று விழும் சிக்கு) விழுந்தாலும் தடித்த நூலை விரலால் பிரித்துவிடலாம்.

விராலுக்குத் தவளை லூர் வீசுபவர்கள் தயங்காமல் பி.இ. 3 முதல் 5 வரை போகலாம். இங்கே வீசும் தூரம் 20, 25 மீட்டர்தான். கடித்த மீனை ஆகாயத்தாமரைக்கு மேலேயே இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், உள்ளே புகவிட்டால் மீனோடு சேர்த்து நாலு கிலோ செடியையும் இழுக்க வேண்டிவரும். நூல் கண்ணுக்குத் தெரிகிறதா என்று விரால் பார்ப்பதில்லை. லீடரே இல்லாமல் பிரெய்டை நேராகத் தவளையில் கட்டலாம்.

சில கிராம் எடையுள்ள லூர் வீசவென்றே ஆழமில்லாத, எடை குறைந்த ஸ்பூலோடு வரும் பெய்ட்காஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றில் மட்டும் பி.இ. 0.6, 0.8 போடலாம். ஸ்பூலை நிரப்பவும் கூடாது, 50 முதல் 70 மீட்டர் போதும்.

படகில் பயன்படுத்தும் ஓவர்ஹெட் ரீலுக்கு?

செங்குத்தாக ஜிக் (கனமான உலோக லூர்) இறக்குபவர்களுக்குப் பிரெய்டு இல்லாமல் வேலையே இல்லை. 60, 80 மீட்டர் ஆழத்தில் நைலான் போட்டால் நீங்கள் ராடைத் தூக்கும் தூக்கலை நூலின் நீட்சியே தின்றுவிடும், ஜிக் அசையாது. நூல் தடித்தால் நீரோட்டம் அதைத் தள்ளி வளைத்துவிடும். அதனால் தாங்கும் பலம் எவ்வளவு வேண்டுமோ அதற்குள் மெல்லியதாகப் பார்க்க வேண்டும்: மெதுவான ஜிக்கிங்குக்கு பி.இ. 1.5 முதல் 2.5, வேகமான ஜிக்கிங்குக்கு பி.இ. 3, 4. நீளம் 300 மீட்டராவது இருக்கட்டும். 10 மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் பல வண்ண நூல் இதற்காகவே செய்யப்படுகிறது. நிறங்களை எண்ணினால் ஜிக் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும்.

ட்ரோலிங் வேறு கதை. ஓடும் படகின் பின்னால் இழுபடும் லூரை வஞ்சிரமோ சூரையோ முழு வேகத்தில் அடிக்கும். அந்த அடியை வாங்கிக்கொள்ள நைலானின் நீட்சி வேண்டும். ஸ்பூலின் அடியில் பிரெய்டு, அதன் மேல் 50 முதல் 100 மீட்டர் நைலான் என்று போடுவதே நல்ல ஏற்பாடு. கொள்ளளவும் கிடைக்கும், அடியையும் தாங்கும்.

முன்பக்கம் மூடிய, பொத்தான் அழுத்தி வீசும் ரீலில்?

போடாதீர்கள். நூலைப் பிடிக்கும் சிறு முளையைப் பிரெய்டு அரித்துவிடும், மூடிக்குள் புகுந்து சுற்றிக்கொண்டால் ரீலைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். 8, 10 பவுண்டு நைலான் போதும்.

எத்தனை மீட்டர் வாங்குவது? அடியில் நைலான் போட வேண்டுமா?

கரையிலிருந்து வீசுபவர் 150 மீட்டரில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். தூர வீச்சு, பெரிய மீன் என்றால் 300 மீட்டர். ஏரியில் விராலுக்கு 100 மீட்டரே அதிகம்.

பிரெய்டு விலை அதிகம். ஸ்பூலின் அடியில் கிடக்கும் நூல் வெளிச்சத்தையே பார்ப்பதில்லை, ஆகவே அடியை நைலானால் நிரப்புவதில் தவறில்லை. எவ்வளவு நைலான் என்று அளக்க அதே பெருக்கல் கணக்கு உதவும். நைலானுக்கும் ஜப்பானிய எண் இதே விட்டங்களை ஒட்டியதுதான், 0.33 மி.மீ. நைலான் என்றால் 4. நம் ஸ்பூலின் கொள்ளளவு 480. அதில் பி.இ. 2 பிரெய்டு 150 மீட்டர் போட்டால் 300 போய்விடும். மீதி 180. அதை 4-ஆல் வகுத்தால் 45. ஆக, அடியில் 0.33 மி.மீ. நைலான் 45 மீட்டர், மேலே பிரெய்டு 150 மீட்டர்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு வேறு வழி: பிரெய்டை முதலில் சுற்றி, அதன் மேல் நைலானை விளிம்புவரை சுற்றுங்கள். பிறகு மொத்தத்தையும் கழற்றித் தலைகீழாகச் சுற்றுங்கள். அச்சாக நிரம்பும். காலி நூலுருளை இரண்டும், கூட உதவிக்கு ஒரு ஆளும் இருந்தால் சீக்கிரம் முடியும்.

டிராக்கை முழுக்க இறுக்கினாலும் நூல் வெளியே போகிறது. ரீல் பழுதா?

பெரும்பாலும் இல்லை. பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டியிருப்பீர்கள். உலோகத்தில் அதற்குப் பிடிமானம் கிடையாது, மொத்த நூலும் சேர்ந்து ஸ்பூலைச் சுற்றி வழுக்குகிறது. அடியில் பத்துப் பதினைந்து சுற்று நைலான், அதுவும் இல்லையென்றால் எலக்ட்ரிகல் டேப் ஒரு சுற்று ஒட்டிவிட்டுச் சுற்றுங்கள். ஸ்பூலில் ரப்பர் பட்டை இருந்தால் இது தேவையில்லை.

விளிம்புவரை நிரப்பலாமா?

ஸ்பின்னிங் ரீலில் விளிம்பிலிருந்து ஒன்றரை, இரண்டு மி.மீ. குறைவாக நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் வீசும்போது கொத்தாக நூல் கழன்று வரும். மிகவும் குறைத்தால் விளிம்பில் உரசித் தூரம் குறையும்.

நிரப்பும் அளவைவிட நிரப்பும் இறுக்கம் முக்கியம். நூலுருளையில் பேனாவைச் செருகி இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லி, ஈரத்துணியால் நூலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். சுற்றிய ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். தளர்வாகச் சுற்றிய பிரெய்டில் முதல் பெரிய மீன் வரும்போது மேல் நூல் அடிச் சுற்றுகளைப் பிளந்துகொண்டு உள்ளே போகும். உலர்ந்த துணியில் வேகமாகச் சுற்றினால் சூடேறி நூலின் பூச்சு கெடும், அதனால்தான் ஈரத்துணி.

வீசும்போது நடுவில் திடீரென்று முடிச்சு விழுகிறதே?

விண்ட் நாட் என்று பெயர், ஆனால் பழி முழுக்கக் காற்றின் மேல் இல்லை. ஸ்பூலின் மேல் ஒரு தளர்ந்த சுருள் உட்கார்ந்திருக்கும். அடுத்த வீச்சில் அதற்கு அடியில் இருக்கும் சுற்று போகிற போக்கில் அதையும் இழுத்துக்கொண்டு வளையத்தில் மோதும். முடிச்சு அங்கே விழுகிறது. தளர்ந்த சுருள் எங்கிருந்து வந்தது என்று தேடினால், வீசிய பிறகு கைப்பிடியைச் சுற்றியே பெயில் கம்பியை (நூலை ஸ்பூலில் சுற்றிவிடும் வளைந்த கம்பியை) மூடுவதிலிருந்து வந்திருக்கும்.

கையால் பெயிலை மூடுங்கள். மூடியதும் நூலை ஒருமுறை விரலால் இழுத்து நேராக்கிவிட்டுச் சுற்ற ஆரம்பியுங்கள். இதைப் பழகினாலே பாதிக்கு மேல் சிக்கல் போய்விடும். பாப்பர் போல வெட்டி வெட்டி இழுக்கும் லூர்களில் நூல் அடிக்கடி தளரும்; சுற்றும்போது ஆள்காட்டி விரலில் நூல் உரசுமாறு வைத்துக்கொள்ளலாம். ஸ்பூல் நிரம்பி வழிந்தாலும் இது வரும், லைன் ரோலர் (பெயில் கம்பியின் ஓரத்தில் நூல் ஓடும் சிறு உருளை) சுழலாமல் நின்றுவிட்டாலும் வரும்.

விழுந்த முடிச்சை இழுத்துப் பார்க்காதீர்கள். ஊசி முனையால் தளர்த்துங்கள், பல நேரம் அவிழும்.

டிராக் எவ்வளவு வைப்பது?

நூல் தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு. 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ, அதில் கால்வாசி 3.4 கிலோ. மீன் எடை போடும் கொக்கித் தராசை நூலில் மாட்டி, ராடு வளைந்திருக்கும் நிலையில் இழுத்துப் பாருங்கள். தராசு அந்த எடையைக் காட்டும்போது ஸ்பூல் நழுவ ஆரம்பிக்க வேண்டும். 3.4 கிலோ என்பது கையில் பிடித்துப் பார்த்தால் எவ்வளவு அதிகம் என்று அப்போதுதான் தெரியும். பலர் டிராக்கைக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்குவது இதை அளந்து பார்க்காததால்தான்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் நூலைத் தேர்ந்தெடுக்கவும் இதுவே வழி. உங்கள் ரீலின் அதிகபட்ச டிராக் 5 கிலோ என்றால் 20 கிலோ தாங்கும் நூல், அதாவது 45 பவுண்டுக்கு மேல் ஏற்றுவதில் இழுவைக்கு எந்தப் பயனும் இல்லை. ராடில் எழுதியிருக்கும் பி.இ. எல்லையையும் பாருங்கள். பி.இ. 2 வரை என்று எழுதிய ராடில் பி.இ. 5 போட்டால், கல்லில் மாட்டும்போது நூல் அறாது, ராடு உடையும்.

லீடர் அவசியமா? எந்த முடிச்சு?

கடலில் அவசியம். பிரெய்டு உரசலில் போய்விடும் என்று சொன்னேன் அல்லவா, தூண்டில் வளைவின் கற்கள் முழுக்கக் கொட்டலசும் சிப்பியும்தான். ஒன்று முதல் இரண்டு மீட்டர் ஃப்ளோரோகார்பனோ தடித்த நைலானோ கட்டுங்கள். ஃப்ளோரோகார்பன் தண்ணீரில் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், மூழ்கும், உரசலைத் தாங்கும். மேற்பரப்பில் மிதக்கும் லூருக்கு நைலான் லீடரே சரி, ஃப்ளோரோகார்பன் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். பலம், பிரெய்டுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ.

மணற்கரையில் கனமான ஈயம் வீசுபவருக்கு லீடர் வேறொரு வேலையும் செய்கிறது: வீச்சின் அதிர்ச்சியைத் தாங்குவது. ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 10 பவுண்டு என்பது பழைய கணக்கு. 112 கிராம் ஈயம் என்றால் 40 பவுண்டு லீடர். அது ராடின் முழு நீளத்துக்கும் வந்து ஸ்பூலிலும் சில சுற்று இருக்க வேண்டும். இல்லாமல் வீசி நூல் அறுந்தால், அந்த ஈயம் போகும் திசையில் யாரும் இல்லாதிருக்க வேண்டும். ஆள்காட்டி விரலுக்கு உறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சுதான் மெல்லியது, வளையத்துக்குள் தடையில்லாமல் ஓடும். வீட்டில் மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்து பழகுங்கள். கரையில் காற்றில் நின்று அவசரமாகக் கட்ட டபுள் யூனி போதும். பிரெய்டை நேராக முள்ளிலோ லூரிலோ கட்டுவதென்றால் பலோமார். நைலானுக்குப் பழகிய சாதாரணச் சுற்று முடிச்சு பிரெய்டில் வழுக்கிக் கழன்றுவிடும். எந்த முடிச்சையும் நனைத்துவிட்டு இறுக்குங்கள், காய்ந்த உரசலில் வரும் சூடு நூலைப் பலவீனப்படுத்தும். சீலா, வஞ்சிரம் போன்ற பல்லுள்ள மீன்களுக்கு லீடர் முனையில் ஒரு சாண் கம்பி வேண்டும். எத்தனை பவுண்டு பிரெய்டானாலும் அந்தப் பல்லுக்கு ஒன்றுதான்.

பழைய ராடில் பிரெய்டு போட்டால் வளையம் தேயுமா?

உள்ளே பீங்கான் வளையம் இருந்தால் தேயாது. வெறும் கம்பி வளையமாக இருந்தால் நாளடைவில் கோடு விழும், அந்தக் கோடே நூலை அறுக்கும். பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் சுற்றித் தேயுங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அங்கே விரிசல். நுனி வளையத்தை முதலில் பாருங்கள். லைன் ரோலரையும் விட்டுவிடாதீர்கள், பழைய மலிவு ரீல்களில் அதில்தான் பள்ளம் விழும்.

எந்த நிறம்?

உங்கள் கண்ணுக்குத் தெரிகிற நிறம். லீடர் இருக்கிறபோது பிரெய்டின் நிறம் மீனுக்குப் பொருட்டல்ல. மஞ்சளோ இளம்பச்சையோ வாங்கினால் நூல் எங்கே போகிறது, எப்போது தளர்கிறது என்று தெரியும், பக்கத்தில் வீசுபவரின் நூலோடு பின்னிக்கொள்வதும் குறையும். நிறம் சீக்கிரம் வெளுக்கும். இந்த இழை சாயத்தை உள்வாங்காது, மேலே பூசியதுதான். வெளுத்ததால் பலம் குறைந்துவிட்டது என்று பொருளில்லை.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பிரெய்டை நம்பலாமா?

அட்டையிலுள்ள எண்களை வைத்தே பாதியைக் கழித்துவிடலாம். 0.16 மி.மீ. என்று போட்டு 40 பவுண்டு என்றும் போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய். பெரும்பாலும் தடிமன்தான் பொய். அளந்து பார்ப்பதும் எளிது: பென்சிலில் 20 சுற்று, இடைவெளி விடாமல், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் சுற்றி, அந்த அகலத்தை ஸ்கேலில் அளந்து 20-ஆல் வகுங்கள். பி.இ. 2 என்று விற்றது 4.7 மி.மீ.க்குப் பதில் 7 மி.மீ. அகலம் வந்தால் அது பி.இ. 4-க்கு மேல். நூல் தட்டையாகும் என்பதால் சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். தடிமன் அதிகமாக இருப்பதே குற்றமில்லை, வீசும் தூரமும் கொள்ளளவும் நினைத்தபடி வராது, அவ்வளவுதான். ஒரு மீட்டர் வெட்டித் தராசில் இழுத்துப் பார்த்து, தாங்குகிறது என்றால் பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

கல்லில் மாட்டினால் எப்படி அறுப்பது?

கையில் சுற்றி இழுக்கவே கூடாது. பிரெய்டு விரலை எலும்புவரை வெட்டும். ராடை வளைத்து வெட்டி இழுப்பதும் கூடாது. ஒரு கட்டையிலோ தடித்த துணி சுற்றிய குச்சியிலோ நாலைந்து சுற்று சுற்றி, ராடைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடந்து இழுங்கள். லீடரைப் பிரெய்டைவிடச் சற்றுப் பலம் குறைவாகக் கட்டியிருந்தால் லீடர் பக்கம் அறும், பிரெய்டு மிஞ்சும். கல் அதிகமுள்ள இடத்துக்குப் போகிறவர்கள் வேண்டுமென்றே அப்படிக் கட்டுவார்கள்.

எப்போது மாற்றுவது?

நாள் கணக்கு கிடையாது. முதல் 20, 30 மீட்டரை விரல் நகத்தில் ஓட்டிப் பாருங்கள். பஞ்சு போலப் பிரிந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். வெட்டி வெட்டி ஸ்பூல் குறைந்துவிட்டால் நூலைத் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் அடியில் கிடந்த புதிய பகுதி மேலே வரும், ஒரு பிரெய்டு இரண்டு வாழ்வு வாழும். கடலுக்குப் போய்வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டுக் குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டு ஸ்பூலைக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

வெட்டிய துண்டுகளைக் கரையில் போடாதீர்கள். அது மட்காது. மாஞ்சா நூல் போல நாரை, கடற்காகங்களின் காலிலும் சிறகிலும் சுற்றும். கத்தரிக்கோலால் விரலளவுத் துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள்.

கையால் விடும் தூண்டிலுக்குப் பிரெய்டு உதவுமா?

உதவாது. ரீல் இல்லாமல், ராடு இல்லாமல் கையில் பிடித்து இழுக்கும் நூல் தடிப்பாக இருந்தால்தான் பிடி கிடைக்கும். படகிலிருந்து களவாவுக்கும் சங்கராவுக்கும் நூல் விடும் மீனவர்கள் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள நரம்பை வைத்திருப்பதற்குக் காரணம் பலம் மட்டுமில்லை, உள்ளங்கை. ஆழத்தில் கடி தெரிய வேண்டும் என்று பிரெய்டை விரும்புகிறவர், மேலே கையில் படும் பகுதிக்குத் தடித்த நரம்பையே வைத்துக்கொண்டு கீழ்ப்பகுதிக்கு மட்டும் அதை இணைக்கலாம். அப்போதும் ரப்பர் பூசிய கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.